ஒரு சபையில் ஓர் அங்கத்தினரின் எடை

(பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் படித்துக் கலந்து பேசுவதற்குரிய பாடம்)

பஞ்சாயத்துக் கூட்டத்திற்கு வராத அங்கத்தினர் ஒருவரைக் காரணம் கேட்டால், "நான் ஒருவன் வராததால் என்ன குறைந்துவிட்டது? மற்றவர்கள்தாம் இருந்தார்களே!" என்று விடை கூறுவதுண்டு. கிராம சபைக்கு அழைக்கப்பெறும் விவசாயியும் நடவு வேலையையோ கரும்பு வெட்டையோ காட்டி இதே விடையைச் சொல்லக்கூடும். இந்த விடை சரிதானா என்று ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இதற்குச் சான்றாக நாம் எடுத்துக்கொள்வது சென்னை ராஜ்யத்தின் முதல் சட்டசபையாகும். அது 1952ஆம் ஆண்டு முதல் 1957ஆம் ஆண்டு வரை நடைபெற்றது. அந்த ஐந்தாண்டுகளுக்குள் அதன் அங்கத்தினர் தொகை இருமுறை குறைந்தது. கிராமத்துக் குழந்தைகளின் படிப்பைப் பற்றிய ஒரு பெரிய கேள்வி அச்சபையில் இரண்டே வாக்கு வித்தியாசத்தில் முடிவாயிற்று. இன்றைய கடலூர் மாவட்டம் அன்று தென்னாற்காடு ஜில்லாவின் ஒரு பகுதி. அந்த ஜில்லாவின் உழவர்களுக்கும் அச்சபையின் கணக்கில் தனி இடம் இருந்தது. ஆகையால் அண்ணாகிராமம் பஞ்சாயத்து யூனியனைச் சேர்ந்த ஊர்களில் வாழ்வோர், பண்ருட்டியிலும் நெல்லிக்குப்பத்திலும் நிலம் வைத்திருப்போர் ஆகியோருக்கு இது தங்கள் ஜில்லாவின் சரித்திரமே ஆகும்.

வாக்குரிமை விரிந்தது

சுதந்திரத்திற்கு முன்பு நம் நாட்டில் எல்லோருக்கும் வாக்குரிமை இருக்கவில்லை. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டப்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டசபையில் 215 இடங்கள் இருந்தன. சொத்து, வரி, கல்வி முதலிய தகுதிகளைக் கொண்டே வாக்காளர் பட்டியல் தயாரிக்கப்பட்டது. நிலமில்லாத உழவுத் தொழிலாளி, எழுத்தறியாத குடியானவர், அவர்கள் வீட்டுப் பெண்கள் ஆகியோருள் மிகப் பெரும்பாலோர் அப்பட்டியலுக்கு வெளியே நின்றனர்.

அந்த முறையிலும் கிராமத்து மனிதர் உயர்ந்த பொறுப்பை அடைந்ததுண்டு. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த விவசாயியான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தார். அவரும் தென்னாற்காடு ஜில்லாக்காரர்தாம். ஆனால் அவரைப் போன்ற குடியானவரின் ஊரில் வாழ்ந்த மற்றவர்களுள் பலருக்கு வாக்களிக்கும் உரிமை அப்போது கிட்டவில்லை.

1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் இந்த நிலையை மாற்றிற்று. 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவரும் வாக்காளராயினர். (இந்த வயது பின்னர் 1989ஆம் ஆண்டில் 18 ஆகக் குறைக்கப்பட்டது.) புதிய முறையில் முதற் பொதுத் தேர்தல் சென்னை ராஜ்யத்தில் 1952ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைபெற்றது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பிழையின்றி வாக்களிக்க வேண்டுமன்றோ? அதற்காக ஒவ்வோர் அபேட்சகருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் அவருடைய சின்னத்தை ஒட்டியிருந்தனர். வாக்காளர் தமக்கு விருப்பமான பெட்டியில் வாக்குச் சீட்டைப் போட்டால் போதும்.

375 பேர் கொண்ட சபை

அந்நாளைய சென்னை ராஜ்யம் மிகப் பெரியது. தமிழ் ஜில்லாக்களோடு ஆந்திர ஜில்லாக்களும், மலையாள நாட்டின் மலபாரும், தென் கன்னடமும், பெல்லாரியும் அதில் அடங்கியிருந்தன. ஆதலால் சட்டசபைக்கு 375 அங்கத்தினர்கள் தேவைப்பட்டனர். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இருந்த மண்டபம் இத்தனை பேருக்குப் போதவில்லை. சென்னை அரசினர் தோட்டத்தில் புதிய கட்டிடம் ஒன்று எழுப்பப்பெற்று, 1952 மே மாதம் முதல் சபை அங்கே கூடியது. அத்தோட்டம் பிற்காலத்தில் ஓமந்தூராரின் பெயரைப் பெற்றது. சபைக்காகக் கட்டிய கட்டிடம் பின்னாளில் பாலர் அரங்கமாகவும், பிறகு கலைவாணர் அரங்கமாகவும் வழங்கிற்று.

தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய நான்கு மொழிக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த சபை அது. அதன் சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜே. சிவசண்முகம் பிள்ளை. தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்து அந்த ஆசனத்தில் அமர்ந்தவர்களுள் அவரே முதல்வராவார்.

பெரும்பான்மை என்னும் கணக்கு

ஒரு சபையில் மந்திரி சபை நிலைத்து நிற்கப் பாதிக்கு மேற்பட்ட அங்கத்தினரின் ஆதரவு வேண்டும். 375 பேரில் பாதிக்கு மேல் என்றால் 188 பேர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மிகுதியான இடங்களைப் பெற்ற காங்கிரஸ் கட்சிக்குக் கிடைத்தவை 152. கம்யூனிஸ்டுக் கட்சி 62 இடங்களையும், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி 35 இடங்களையும் பெற்றன. சுயேச்சைகளும் சிறு கட்சிகளும் மீதி இடங்களில் அமர்ந்தனர். எந்தக் கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை இல்லை. காங்கிரசுக்கு 36 பேர் குறைவாக இருந்தனர்.

இத்தகைய நேரத்தில்தான் சிறு எண்ணிக்கைக்குப் பெரிய மதிப்பு உண்டாகிறது. கடலூரைச் சேர்ந்த எஸ். எஸ். ராமசாமி படையாச்சி தலைமையில் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களில் வென்றிருந்தது. எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கர் தலைமையில் காமன்வீல் கட்சி 6 இடங்களைப் பெற்றிருந்தது. இவ்விரு கட்சிகளுக்கும் வட தமிழ் ஜில்லாக்களின் விவசாயக் குடிமக்களே, சிறப்பாக வன்னியர் சமூகத்தாரே, ஆதரவாக நின்றனர். நிலத்தில் உழைப்பவர்கள் தங்கள் குரல் மந்திரி சபையில் ஒலிக்க வேண்டும் என்று விரும்பினார்கள். வாக்குரிமை விரிந்ததனாலேயே அந்த விருப்பம் 25 இடங்களாக உருவெடுத்தது.

ஆளுநர் ஸ்ரீபிரகாசா, இராஜாஜியை மந்திரி சபை அமைக்க அழைத்தார். அவர் 1952 ஏப்ரல் 10ஆம் நாள் முதன் மந்திரியானார். அவர் தேர்தலில் நின்றவரல்லர். மேல்சபைக்கு நியமனம் பெற்று வந்தவர். இது அக்காலத்தில் கடுமையான வாதத்திற்கு இடமாயிற்று. மாணிக்கவேலு நாயக்கர் அந்த மந்திரி சபையில் சேர்ந்து நில வருவாய் இலாகாவை ஏற்றார். 1952 ஜூலை 3ஆம் நாள் சபையில் நம்பிக்கை வாக்கு எடுக்கப்பட்டபோது 200 பேர் ஆதரவாகவும் 151 பேர் எதிராகவும் வாக்களித்தனர். மொத்தம் 351 வாக்குகள். சபையின் இடங்கள் 375 என்பதை நினைவிற் கொண்டு, இந்த 351 என்னும் எண்ணையும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஒரு தொகுதிக்கு இருவர்

அச்சபையின் அமைப்பில் இன்று காணாத ஒரு முறை இருந்தது. 375 அங்கத்தினர்கள் 375 தொகுதிகளிலிருந்து வரவில்லை. தொகுதிகள் 309 மட்டுமே. அவற்றுள் 243 தொகுதிகள் ஒருவரையும், 66 தொகுதிகள் இருவரையும் அனுப்பின. இருவரை அனுப்பும் தொகுதியில் ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கோ மலைவாழ் மக்களுக்கோ ஒதுக்கப்பட்டிருந்தது. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள் உண்டு. இரண்டையும் ஒரே அபேட்சகருக்கு அளித்தல் கூடாது.

வாக்குகளை எண்ணும் முறை பின்வருமாறு. ஒதுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த அபேட்சகர்களுள் மிகுந்த வாக்குகளைப் பெற்றவர் முதலில் ஒதுக்கிய இடத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படுவார். எஞ்சிய எல்லோருள்ளும் மிகுந்த வாக்குகளைப் பெற்றவர் பொது இடத்திற்குச் செல்வார். பொது இடத்திற்கு எந்த வகுப்பினரும் வரலாம். இதை விளக்கும் நிகழ்ச்சி ஆந்திரத்தில் 1957ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தலில் நேர்ந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவராக விளங்கிய வி. வி. கிரி, பார்வதிபுரம் இரட்டைத் தொகுதியில் நின்றார். ஆனால் இரண்டு இடங்களும் மலைவாழ் மக்களைச் சேர்ந்த அபேட்சகர்களுக்கே கிடைத்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கிரியின் கட்சி ஏற்கப்படவில்லை. 1961ஆம் ஆண்டின் சட்டத்தால் இரட்டைத் தொகுதிகள் நீக்கப்பட்டு, ஒரு தொகுதிக்கு ஓர் அங்கத்தினர் என்ற முறை எங்கும் நிலைபெற்றது.

இதிலிருந்து பஞ்சாயத்தார் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. ஒதுக்கீட்டின் மூலம் வரும் அங்கத்தினரின் வாக்கும், பொது இடத்தில் வரும் அங்கத்தினரின் வாக்கும் சபையில் ஒரே எடையுடையன. தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் உள்ளாட்சி இடங்களில் சரிபாதியைப் பெண்களுக்கு ஒதுக்கியது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்படும் பெண் அங்கத்தினருக்குப் பதிலாக அவர் கணவரோ மகனோ கூட்டத்தில் வந்து பேசினால், அந்த வார்டு மக்களுக்குச் சட்டம் வழங்கிய குரல் அங்கே ஒலிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

1953 ஜூலை 29

இனி, முதலில் குறிப்பிட்ட கல்விப் பிரச்சினைக்கு வருவோம். இராஜாஜி மந்திரி சபை 1953 ஜூன் மாதத்தில் கிராமப் பகுதிகளின் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதிய திட்டத்தைப் புகுத்தியது. அதன்படி பள்ளி நாள்தோறும் இரண்டு வேளையாக நடக்கும். ஒவ்வொரு குழந்தையும் ஒரு வேளை மட்டும், அதாவது மூன்று மணி நேரம், பள்ளிக்கு வந்தால் போதும். மற்ற நேரத்தில் தகப்பனாரின் தொழிலையோ ஊரிலுள்ள வேறு கைத்தொழிலையோ கற்கலாம்.

திட்டத்தை ஆதரித்தவர்கள் கூறிய காரணம் எளியது. பணம் குறைவு, ஆசிரியர் குறைவு, கட்டிடம் குறைவு. அதே ஆசிரியரையும் அதே கட்டிடத்தையும் கொண்டு இருமடங்கு குழந்தைகளுக்குப் படிப்புச் சொல்லலாம் என்றனர். எதிர்த்தவர்கள் எழுப்பிய கேள்வியும் எளியதே. உழவன் மகன் உழவையும், வண்ணார் மகன் வெளுப்பையும் தொடர்ந்து கற்க வேண்டுமானால் அவர்கள் வேறு நிலையை என்று அடைவது? நகரத்துக் குழந்தைக்கு முழு நாளும், கிராமத்துக் குழந்தைக்கு அரை நாளும் என்பது எவ்வகை நீதி? இதனால் இத்திட்டம் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது.

1953 ஜூலை 29ஆம் நாள் சட்டசபையில் இது வாக்கெடுப்பிற்கு வந்தது. திட்டத்தை அடியோடு கைவிட வேண்டும் என்ற தீர்மானத்தின் மீது முதலில் வாக்கெடுத்தனர். ஆதரித்தவர் 138 பேர்; எதிர்த்தவர் 138 பேர். தராசின் இரு தட்டுகளும் சமமாக நின்றன. வாக்குகள் சமமாகும்போது சபாநாயகருக்குத் தீர்ப்பு வாக்கு ஒன்று உண்டு என்று அரசியல் சட்டம் கூறுகிறது. அந்த வாக்கைக் கொண்டு தீர்மானத்தை நிறைவேற்ற சபாநாயகர் முன்வரவில்லை. சபை தீர்மானத்தை ஏற்கவில்லை என்றே கொள்ளப்பட்டது.

அதன்பின் வேறொரு தீர்மானம் வந்தது. திட்டத்தை நிறுத்தி வைத்து, நிபுணர் குழு ஒன்றின் ஆராய்ச்சிக்கு அனுப்ப வேண்டும் என்பது அதன் பொருள். அதற்கு ஆதரவாக 139 பேரும் எதிராக 137 பேரும் வாக்களித்தனர். தீர்மானம் நிறைவேறியது. இரண்டு எண்ணிக்கைகளையும் வாசகர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரு முறையும் மொத்த வாக்குகள் 276தான். முதல் வாக்கெடுப்பிற்கும் அடுத்ததற்கும் இடையே இருந்த வித்தியாசம் ஒரே ஒரு வாக்கு ஒரு தட்டிலிருந்து மறு தட்டிற்கு மாறிய அளவேயாகும்.

இப்போது முன்னர் நினைவில் வைத்துக்கொண்ட எண்ணை எடுப்போம். 1952 ஜூலையில் நம்பிக்கை வாக்கின்போது பதிவானவை 351. ஓராண்டிற்குப் பின், பல லட்சம் குழந்தைகளின் படிப்பைப் பற்றிய வாக்கெடுப்பில் பதிவானவை 276. சபாநாயகரை நீக்கினாலும் ஏறக்குறைய நூறு இடங்களின் வாக்கு அன்று எந்தத் தட்டிலும் விழவில்லை. வராமை, நடுநிலை, காலியிடம் என்று காரணம் எதுவாயினும் ஆகுக. அந்த நூறு பேரில் ஒருவர் கூடுதலாக ஆதரித்திருந்தால் முதல் தீர்மானமே நிறைவேறியிருக்கும். மூவர் கூடுதலாக எதிர்த்திருந்தால் இரண்டாவது தீர்மானமும் தோற்றிருக்கும். "நான் ஒருவன் வராவிட்டால் என்ன?" என்னும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேறு வேண்டுமோ?

நிபுணர் குழு அமைக்கப்பட்டது. ஆயினும் பிரச்சினை அத்துடன் தீரவில்லை. 1954 ஏப்ரல் 13ஆம் நாள் காமராஜர் முதன் மந்திரியானார். அடுத்த மாதமே அத்திட்டம் கைவிடப்பட்டது. கிராமத்துப் பள்ளிகள் முழுநாள் பள்ளிகளாயின.

சபை கலையவில்லை, சுருங்கியது

காமராஜர் முதன் மந்திரியானபோது சட்டசபை அங்கத்தினர் அல்லர். பாராளுமன்ற அங்கத்தினராக இருந்தார். சபையில் அங்கம் பெறாதவர் மந்திரியானால் ஆறு மாதத்திற்குள் அங்கத்தினராக வேண்டும் என்பது விதி. அவர் மேல்சபையை நாடாமல், குடியாத்தம் தொகுதியின் உபதேர்தலில் நின்று மக்களின் வாக்கைப் பெற்று வந்தார்.

அவருடைய மந்திரி சபையில் கடலூர் ராமசாமி படையாச்சி ஸ்தல ஸ்தாபன மந்திரியானார். பஞ்சாயத்துக்களை மேற்பார்க்கும் இலாகா தென்னாற்காட்டு உழவர்கள் அனுப்பிய பிரதிநிதியின் கைக்கு வந்தது. 1952ஆம் ஆண்டில் சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டுப் போட்ட குடியானவர் தம் வாக்கு எவ்வளவு தூரம் சென்றது என்பதை அன்று கண்டார்.

இதற்குள் சபையின் உருவமே மாறியிருந்தது. தனி ஆந்திர ராஜ்யம் வேண்டி உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உயிர் நீத்தார். 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர ராஜ்யம் பிறந்தது. பெல்லாரியின் கன்னடப் பகுதி மைசூருடன் சேர்ந்தது. சென்னைச் சட்டசபையின் எண்ணிக்கை 375இலிருந்து 231 ஆயிற்று. எதிர்க்கட்சித் தலைவராக விளங்கிய நாகி ரெட்டி அனந்தப்பூர் ஜில்லாக்காரர். அவரும் ஆந்திரத்திற்குச் சென்றார். அதன்பின் பி. ராமமூர்த்தி எதிர்க்கட்சித் தலைவரானார்.

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி ராஜ்யங்கள் அமைந்தபோது மலபாரும் தென் கன்னடமும் பிரிந்தன. எண்ணிக்கை 190 ஆயிற்று. சிவசண்முகம் பிள்ளைக்குப் பின் 1955ஆம் ஆண்டில் சபாநாயகரான கோபால மேனன் மலையாளப் பகுதியைச் சேர்ந்தவர். எல்லை மாறிய அன்றே சபை தன் சபாநாயகரையும் இழந்தது. அதே நாளில் கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் நம்மோடு இணைந்தன. சபை சுருங்கிவிட்டமையால் பெரிய கட்டிடம் தேவைப்படவில்லை. 1957ஆம் ஆண்டில் சபை மீண்டும் கோட்டைக்கே திரும்பிற்று.

சபையின் இடங்கள் காலப்போக்கில் மாறிய வகையைக் கீழே காண்க:

1937 — 215
1952 — 375
1953 — 231 (ஆந்திரம் பிரிந்த பின்)
1956 — 190 (மலபார், தென் கன்னடம் பிரிந்த பின்)
1957 — 205
1962 — 206
1967 — 234

இந்த எண்களின் பின்னே உள்ள உண்மை ஒன்று. சபையின் எண்ணிக்கை வானத்திலிருந்து வருவதன்று. ஜனத்தொகைக் கணக்கு, ஜில்லா எல்லை, வாக்காளர் பட்டியல் ஆகிய மூன்றுமே அதை ஆக்குகின்றன. இம்மூன்றும் கிராமத்திலிருந்தே தொடங்குகின்றன.

இன்றைய நிலை

தமிழ்நாடு சட்டசபையில் 234 இடங்கள் உள்ளன. அவற்றுள் 44 இடங்கள் தாழ்த்தப்பட்டோருக்கும் 2 இடங்கள் மலைவாழ் மக்களுக்கும் ஒதுக்கப்பட்டவை. பெரும்பான்மைக்கு வேண்டுவது 118. மேல்சபை 1986ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஆங்கிலோ இந்தியருக்காக ஒருவரை நியமிக்கும் வழக்கம் 2020ஆம் ஆண்டில் முடிவுற்றது.

தென்னாற்காடு ஜில்லா 1993ஆம் ஆண்டில் பிரிந்து கடலூர், விழுப்புரம் மாவட்டங்களாயிற்று. கடலூர் மாவட்டத்திலிருந்து 9 பேர் சட்டசபைக்குச் செல்கின்றனர். 2008ஆம் ஆண்டின் எல்லை வரையறையால் மாநிலத்தின் மொத்த எண்ணிக்கை மாறவில்லையாயினும் தொகுதிகளின் எல்லைகள் மாறின. 2006ஆம் ஆண்டுத் தேர்தல் வரை இருந்த நெல்லிக்குப்பம் தொகுதி மறைந்தது. நெய்வேலி என்னும் புதிய தொகுதி 2011ஆம் ஆண்டுத் தேர்தலில் இடம்பெற்றது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அது சேரும் தொகுதி மட்டும் மாறக்கூடும் என்பதற்கு இது நம் வாயிலிலேயே உள்ள சான்றாகும். எல்லை வரையறைக் கமிஷன் நகல் திட்டத்தை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்பது வழக்கம். அந்த வேளையில் வாளாவிருந்துவிட்டுப் பின்னர் குறை கூறுவதில் பயன் இல்லை.

ஊர்ச் சபைக்கு உரிய பாடங்கள்

சட்டசபை பெரியது, பஞ்சாயத்து சிறியது. ஆனால் இரண்டிலும் கணக்கு ஒன்றே. சபை சிறிதாகும்தோறும் ஓர் அங்கத்தினரின் எடை மிகுதியாகிறது. 375 பேரில் ஒருவர் வராமை தட்டை அசைக்கக்கூடுமானால், ஒன்பது பேர் உள்ள பஞ்சாயத்தில் ஒருவர் வராமை தட்டையே சாய்த்துவிடும். ஐந்து பேர் கூடி மூவர் ஒருபுறம் இருவர் மறுபுறம் என்று பிரிந்தால், மூவரின் எண்ணமே ஊரின் முடிவாக எழுதப்படும். குடிதண்ணீர்க் குழாய் எந்தத் தெருவிற்கு முதலில் வரும், சாலைக்குக் கப்பி எங்கே போடப்படும், ஏரி வாய்க்கால் எப்போது தூர் வாரப்படும் என்பன இவ்வாறே முடிவாகின்றன. எனவே கீழ்க்கண்டவற்றைக் கவனத்தில் கொள்வது நலம்.

முதலாவது, வருகை. சட்டசபை கூடுவதற்குப் பத்துப் பேர் அல்லது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, இவற்றுள் எது மிகுதியோ அத்தனை பேர் இருக்க வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் விதி. கிராம சபைக்கும் ஊரின் ஜனத்தொகைக்கேற்பக் குறைந்த அளவு வருகை வகுக்கப்பட்டுள்ளது. இதுவே கோரம் எனப்படுவது. கோரம் என்பது குறைந்த அளவே. அதுவே போதும் என்று நினைப்பது தவறு.

இரண்டாவது, பொருளை முன்கூட்டி அறிதல். கூட்டத்தின் அறிவிப்பு வந்தவுடன் அதிலுள்ள பொருள்களைப் படித்து, தம் வார்டு மக்களிடம் கலந்து பேசி வர வேண்டும். 1953ஆம் ஆண்டில் முதல் தீர்மானம் ஏற்கப்படாதபோதும் இரண்டாவது தீர்மானம் ஆயத்தமாக இருந்தது. முழுதும் கிடைக்காதபோது எதைப் பெறலாம் என்று எண்ணி வருபவரே ஊருக்குப் பயன்படுவார்.

மூன்றாவது, பதிவு. 138, 139, 137 என்னும் எண்களை நாம் இன்று அறிவதற்குக் காரணம் அவை எழுதி வைக்கப்பட்டமையே. தீர்மானப் புத்தகத்தில் யார் வந்தனர், யார் ஆதரித்தனர், யார் எதிர்த்தனர் என்பது திருத்தமாக எழுதப்பட வேண்டும். வெற்றுத் தாளில் கையொப்பமிடும் வழக்கம் அங்கத்தினர் தம் வாக்கைத் தாமே பறிகொடுப்பதாகும்.

நான்காவது, பட்டியல். வயது வந்த பிள்ளைகளின் பெயரைச் சேர்ப்பதும், இறந்தோர் பெயரை நீக்குவதும், வெளியூரிலிருந்து மணமாகி வந்த பெண்ணின் பெயரை மாற்றுவதும் பஞ்சாயத்தாரின் கண்காணிப்பில் நடைபெறத் தக்கவை. பட்டியலில் பெயர் இல்லாதவருக்குத் தேர்தல் நாளில் எவரும் உதவ இயலாது.

ஐந்தாவது, இணக்கம். வாக்கெடுப்பில் தோற்றவர் எதிரியல்லர். இன்று 137இல் இருப்பவர் நாளை 139இல் இருப்பார். பஞ்சாயத்துத் தேர்தலில் பிரிந்தவர்கள் வாய்க்கால் வேலையில் ஒன்றாக மண்வெட்டி பிடிக்க வேண்டியவர்களே.

ஒரு வாக்கின் எடை நம் நாட்டில் மட்டும் உணரப்பட்டதன்று. 1979ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மந்திரி சபை 311க்கு 310 என்ற ஒரே வாக்கில் கவிழ்ந்தது. 1999ஆம் ஆண்டில் டில்லிப் பாராளுமன்றத்தில் வாஜ்பாய் மந்திரி சபை 269க்கு 270 என்ற ஒரே வாக்கில் வீழ்ந்தது. ஆனால் இவற்றையெல்லாம்விட நம் நெஞ்சில் நிற்க வேண்டுவது 1953ஆம் ஆண்டின் வாக்கெடுப்பே. அங்கே ஆட்சி எவருக்கு என்பதைவிடப் பெரிய கேள்வி இருந்தது. கிராமத்துப் பிள்ளை பிற்பகலில் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதே அது.

1958ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டமும், பின்னர் வந்த 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் சட்டசபையில் அங்கத்தினர் கை தூக்கியதனாலேயே பிறந்தவை. பஞ்சாயத்து யூனியன் என்னும் அமைப்பு அவ்வாறு வந்ததுதான். அண்ணாகிராமம் யூனியனும் அவ்வழி வந்ததே. மேலே உள்ள சபை அளித்த உரிமையைக் கீழே உள்ள சபை பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை ஏட்டில் மட்டுமே இருக்கும். அடுத்த கூட்டத்தின் அறிவிப்பு வரும்போது, அன்றைய வேலையை விடியலிலேயே முடித்துக்கொண்டு சபைக்குச் செல்வது ஒவ்வோர் அங்கத்தினரின் கடமையாகும்.

ஊரில் கூடிப் பேசுவதற்குரிய வினாக்கள்

1. 1952 ஜூலையில் 351 வாக்குகளும், 1953 ஜூலையில் 276 வாக்குகளும் பதிவாயின. இந்த வேறுபாட்டினால் முடிவு எவ்வாறு மாறியிருக்கக்கூடும்?

2. சென்ற ஆண்டில் உங்கள் ஊரில் நடந்த கிராம சபைகளுக்கு எத்தனை பேர் வந்தனர்? பெண்கள் எத்தனை பேர்? பதிவேட்டைப் பார்த்து எழுதுக.

3. உங்கள் ஊர் எந்தச் சட்டசபைத் தொகுதியில் உள்ளது? 2008ஆம் ஆண்டிற்கு முன் எதில் இருந்தது? ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிக.

4. ஒரு வாக்கு வித்தியாசத்தில் உங்கள் பஞ்சாயத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ முடிவான காரியம் உண்டா? அதனால் விளைந்த நன்மை தீமை யாவை?

5. குழந்தைகளின் படிப்பு, குடிதண்ணீர், பாசனம் ஆகிய மூன்றில் எதைப் பற்றி அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டுவர விரும்புகிறீர்கள்? அதற்கு ஆதரவாக எத்தனை பேரை அழைத்து வர இயலும்?